யூதர்களைப் படிக்கப் போறியா, வெறுப்பைப் படிக்கப் போறியா?

போன மாசம் கும்பகோணத்துல இருந்து ஒரு பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தா. எம்.ஏ. ஹிஸ்டரி ரெண்டாவது வருஷமாம். "அக்கா, ஜூயிஷ் ஸ்டடீஸ்ல ஸ்கோப் இருக்கா, ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, வீட்ல என்னன்னு சொல்றது"ன்னு மூணு கேள்வியையும் ஒரே மூச்சுல கேட்டுட்டா. நானும் பதிலுக்கு வாய்ஸ் நோட் ஆரம்பிச்சேன். பேசிப் பேசி பதினோரு நிமிஷம் ஆச்சு, திரும்பக் கேட்டா எனக்கே தலையும் புரியல வாலும் புரியல. அழிச்சிட்டேன். எழுதினாலாவது கொஞ்சம் கோர்வையா வருமான்னு பாக்கறேன். வராதுன்னுதான் தோணுது, ஆனாலும்.

மொதல்ல ஒரு குழப்பம் இருக்கு, அதைத் தீர்த்துடணும். ஜூயிஷ் ஸ்டடீஸ் வேற, ஆன்டிசெமிட்டிசம், அதாவது யூத வெறுப்பு பத்தின ஆராய்ச்சி வேற. ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டுதான் நிறைய பேர் அப்ளை பண்றாங்க (நானும் பண்ணினேன்). முதலாவதுல யூதர்களோட மொழி, மதம், சட்டம், வியாபாரம், இலக்கியம், சண்டை சச்சரவுன்னு மூவாயிரம் வருஷக் கதையைப் படிப்பீங்க. ரெண்டாவதுல நீங்க படிக்கப்போறது யூதர்களையே இல்ல, அவங்களை வெறுத்தவங்களை. தலித் மக்களோட வாழ்க்கையை ஆராய்ச்சி பண்றதுக்கும், ரெட்டை டம்ளர் வெச்ச டீக்கடைக்காரன் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு ஆராய்ச்சி பண்றதுக்கும் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம்தான். இது புரியாம மோட்டிவேஷன் லெட்டர் எழுத உக்காந்தா, ரெண்டுங்கெட்டானா ஒண்ணு வரும். என்னோடது அப்படித்தான் வந்துச்சு.

நான் இதுக்குள்ள வந்த கதை ரொம்பச் சாதாரணம். 2020, லாக்டவுன், தஞ்சாவூர் வீடு, மாடி ரூம். பி.எட். பண்ணலாமா பேங்க் எக்ஸாம் எழுதலாமான்னு வீட்ல தினம் ஒரு பஞ்சாயத்து. அப்பதான் ஆரோல்சன் ஆர்க்கைவ்ஸ் ஒரு வேலைக்கு ஆள் கேக்கறாங்கன்னு பாத்தேன். ஜெர்மனியில பாட் ஆரோல்சன்னு ஒரு சின்ன ஊர், அங்க நாஜி காலத்துல சிறைபட்டவங்க, கொல்லப்பட்டவங்க, அடிமை வேலைக்கு இழுத்துட்டுப் போகப்பட்டவங்க பத்தின சுமார் 3 கோடி ஆவணம் இருக்கு, மொத்தம் 1 கோடியே 75 லட்சம் பேரோட தகவல். அதுல கைதிகள் கார்டை ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டு, உலகத்துல யார் வேணா வீட்ல உக்காந்து பேரை டைப் பண்ணிக் குடுக்கலாம்னு திறந்துவிட்டாங்க. சம்பளம் கிடையாது. ஜெர்மன் தெரியணும்னு அவசியமும் இல்ல.

ஒரு கார்டு வரும். பேரு, பிறந்த தேதி, கைதி நம்பர், தொழில். பாத்து அப்படியே அடிக்கணும். அம்மா கீழ இருந்து சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, நான் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு இருப்பேன். ஷ்னைடர்னா தையல்காரர், பெக்கர்னா ரொட்டி சுடறவர், ஷூலர்னா ஸ்கூல் பையன். எனக்குத் தெரிஞ்ச முதல் முப்பது நாப்பது ஜெர்மன் வார்த்தை இந்தக் கார்டுங்க குடுத்ததுதான். அப்புறம் சென்னை மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் ஆரம்ப நிலை ஏ1 கிளாஸ்ல எல்லாரும் ஆப்பிள், ஸ்டேஷன், ஹோட்டல்னு சொல்லிட்டு இருக்கறப்ப எனக்கு மட்டும் கைதிங்களோட தொழில் பேரா வந்துச்சு. டீச்சர் ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

2022ல மொதல் தடவை அப்ளை பண்ணினேன். எங்கன்னா பெர்லின் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியில இருக்கற ஆன்டிசெமிட்டிசம் ஆராய்ச்சி மையத்துக்கு. டெக்னிக்கல் யுனிவர்சிட்டின்னதும் வீட்ல எல்லாரும் இன்ஜினியரிங்னு நினைச்சு சந்தோஷப்பட்டாங்க, நானும் ரெண்டு வாரம் திருத்தவே இல்ல. அங்க 2014ல இருந்து இதுக்குன்னே ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு, நாலு செமஸ்டர். ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு முன்னூத்திச் சொச்சம் யூரோ கட்டணும், அதுல பஸ், ட்ரெயின் பாஸும் அடக்கம். ஆனா எல்லாமே ஜெர்மன்ல. என் ஜெர்மன் சர்டிஃபிகேட் அப்ப பி2 லெவல்லயே நின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு அடுத்த லெவல் சி1 கேட்டிருந்ததைப் படிச்சும், சரி பரவால்ல, என் ஆர்வத்தைப் பாத்து எடுத்துப்பாங்கன்னு அனுப்பினேன். எடுக்கல. தப்பு முழுக்க என்னோடதுதான், ஆர்வத்துக்கு சி1 சர்டிஃபிகேட் யாரும் குடுக்கறதில்ல.

அதை விட முக்கியமான அடி அந்த மோட்டிவேஷன் லெட்டர்ல விழுந்துச்சு. இதே துறையில இருந்த ஒரு சீனியர்கிட்ட, வங்காளி, ரொம்ப பொறுமைசாலி, லெட்டரைக் காட்டினேன். ஒண்ணரைப் பக்கம் எழுதியிருந்தேன், நாஜிங்க கொன்ன அறுபது லட்சம் யூதர்கள், மனிதகுலத்தோட களங்கம், இனி ஒருபோதும் இப்படி நடக்கக்கூடாதுன்னு. படிச்சிட்டு அவர் சொன்னாரு, "இது துக்கம் விசாரிக்கற கடிதம்மா. நீ வந்தா என்ன பேப்பரைப் படிப்ப? எந்த மொழியில படிப்ப? மத்தவங்களுக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்?" எனக்குக் கோவம் வந்துச்சு. ராத்திரி முழுக்க யோசிச்சா அந்தக் கேள்விக்கு ஒரு வரி கூட என்கிட்ட பதில் இல்ல. கோவம் அதுக்குத்தான்னு அப்புறம் புரிஞ்சுது.

அதனால கும்பகோணம் பொண்ணுக்கு நான் சொல்ற மொதல் பதில் இதுதான்: ஸ்கோப் இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட எத்தனை மொழி இருக்குன்னு எண்ணிப் பாரு. இந்தத் துறையே மொழியில நிக்கற துறை. ஜெர்மன், ஹீப்ரு, யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட மொழி), வேணும்னா போலிஷ், ரஷ்யன், லடினோ (ஸ்பெயின்ல இருந்து வந்த யூதர்களோட மொழி), அரபு. ஜெர்மன் தெரிஞ்சாலும் போதாது, 1940க்கு முன்னாடி எழுதின கடிதங்கள்ல பாதி குர்ரென்ட்னு ஒரு பழைய கையெழுத்துல இருக்கும், இன்னைக்கு ஜெர்மன்காரங்களே நிறைய பேரால படிக்க முடியாது. அதைத் தனியா கத்துக்கணும். யித்திஷ் 2021ல டுயோலிங்கோலயே வந்துடுச்சு, ஓசிதான், ஆனா அதுல ஹசிடிக்னு ஒரு தீவிர மதப்பற்றுள்ள யூத சமூகத்து உச்சரிப்பு, செமினார்ல சொல்லித்தர்றது வேற உச்சரிப்பு. நான் ரெண்டையும் கலந்து பேசி ஒரு வகுப்பையே சிரிக்க வெச்சேன்.

சரி, பெர்லினைப் பத்தி நான் ஏன் இவ்வளவு பேசறேன்னா, இந்தப் படிப்பு பொறந்த ஊரே அதுதான், அந்தப் படிப்பை வாசல்லயே நிறுத்திவெச்ச ஊரும் அதுதான்.

1819ல பெர்லின்ல கொஞ்சம் யூத இளைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கறாங்க. யூத வரலாறையும் இலக்கியத்தையும் மத்த எந்தப் பாடத்தையும் போல பல்கலைக்கழக முறைப்படி ஆராயணும்கறது அவங்க எண்ணம். லியோபோல்ட் சுன்ஸ், எட்வார்ட் கான்ஸ், கொஞ்ச நாள்ல கவிஞர் ஹைனேயும் வந்து சேர்றாரு. கான்ஸ் சட்டம் படிச்சவரு, பெரிய மூளை, புரொஃபசர் வேலை கேட்டாரு. 1812 சட்டப்படி யூதர்களுக்கும் அந்த வேலை குடுக்கலாம். அவருக்குக் குடுக்கக்கூடாதுன்னே 1822ல அரசர் உத்தரவு போட்டு அந்த வாசலையே சாத்திட்டாங்க. ஒரு ஆளுக்காக ஒரு சட்டம்! 1825ல கான்ஸ் கிறிஸ்தவரா மாறினாரு, அப்புறம் அதே பெர்லின்ல புரொஃபசர் ஆயிட்டாரு. ஹைனேயும் அதே வருஷம் ஞானஸ்நானம் வாங்கினவர்தான், அந்தச் சர்டிஃபிகேட்டை ஐரோப்பாக்குள்ள நுழையற டிக்கெட்டுன்னு கசப்பா எழுதி வெச்சிருக்காரு.

சுன்ஸ் மட்டும் மாறல. 1848ல, ஊரெல்லாம் புரட்சி, இப்பயாவது கேக்கலாம்னு, யூத வரலாறுக்கும் இலக்கியத்துக்கும் பெர்லின் பல்கலைக்கழகத்துல ஒரு புரொஃபசர் பதவி உருவாக்கணும்னு மனு போட்டாரு. முடியாதுன்னுட்டாங்க. யூதர்களைத் தனியாப் பிரிச்சு வளக்கறது பல்கலைக்கழகத்தோட வேலை இல்லையாம். கடைசியில 1872ல யூதர்கள் தங்கள் சொந்தக் காசுல பெர்லின்லயே ஒரு உயர்கல்விக்கூடம் ஆரம்பிச்சாங்க, ஹோக்ஷூலேன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரை வெச்சுக்கறதுக்குக்கூட அரசாங்கம் விடல, "உயர்"ங்கறதை எடு, வெறும் போதனை நிலையம்னு போட்டுக்கோன்னு 1883ல பேரை இறக்கினாங்க. இருபதுகள்ல திரும்பக் கிடைச்சுது, நாஜிங்க வந்ததும் மறுபடியும் இறக்கினாங்க.

இன்னொரு பக்கம், உள்ள விட மாட்டேன்னு சொன்ன அதே பெர்லின் பல்கலைக்கழகத்துல ட்ரைட்ஷ்கேன்னு ஒரு பெரிய வரலாற்றுப் புரொஃபசர், 1879ல "யூதர்கள்தான் நம்ம துரதிர்ஷ்டம்"னு எழுதினாரு. அதே வருஷந்தான் வில்ஹெல்ம் மார்னு ஒரு பத்திரிகைக்காரர் ஆன்டிசெமிட்டுங்க சங்கம்னு பேர் வெச்சு ஒரு கட்சி மாதிரி ஆரம்பிச்சாரு, அந்த வார்த்தையே அங்கதான் ஊரெல்லாம் பரவுச்சு. வெறுக்கறவங்களே தங்களுக்குப் பெருமையா வெச்சுக்கிட்ட பேரு அது. அறிவியல் மாதிரி தெரியணும்னுதான் மொழியியல்ல ஹீப்ரு, அரபு மாதிரி மொழிகளோட குடும்பத்துக்குப் பேரான செமிட்டிக்ங்கற வார்த்தையை எடுத்தாங்க. ட்ரைட்ஷ்கேயோட அந்த ஒரு வரியை அப்புறம் நாஜி காலத்து யூத வெறுப்புப் பத்திரிகை ஷ்ட்யூர்மர் முதல் பக்கத்துல அடியில தவறாம அச்சடிச்சுது. மோம்சன்னு ரோம வரலாறு எழுதின இன்னொரு புரொஃபசர் 1880ல அவரை எதிர்த்து எழுதினாரு, அதையும் சொல்லிடணும். ஆனா எனக்கு உறுத்தறது, படிக்காத கூட்டம் இல்ல இது, அந்த ஊர்லயே அதிகமாப் படிச்சவங்க.

அந்தக் கல்விக்கூடம் இருந்த கட்டடம் இன்னும் இருக்கு, டுக்கோல்ஸ்கி தெரு 9. 1923 கடைசியில எழுத்தாளர் காஃப்கா, உடம்பு முடியாத நிலையில, இங்க வந்து வகுப்புல உக்காந்திருக்காரு, இந்த ஆர்ப்பாட்டமான பெர்லின்ல அமைதியான ஒரு இடம்னு நண்பருக்கு லெட்டர் எழுதியிருக்காரு. ரெகினா யோனாஸ் படிச்சதும் இங்கதான், 1935ல உலகத்துலயே முதல் பெண் ராபியா, அதாவது யூத மதகுருவா ஆனவங்க, 1944ல ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல கொல்லப்பட்டாங்க. 1942 கோடைக்காலத்துல நாஜிங்க இழுத்து மூடுற வரைக்கும் ராபி லியோ பேக் அங்க பாடம் எடுத்துக்கிட்டே இருந்தாரு, கடைசியில ஸ்டூடன்ட்ஸ் விரல் விட்டு எண்ற அளவுதான். நான் போனப்ப வாசல்ல போலீஸ் நின்னுட்டு இருந்தாங்க. பெர்லின்ல யூதக் கட்டடம்னா வாசல்ல போலீஸ் நிக்கும், எப்பவும்.

அந்தக் கடைசிக் கால ஸ்டூடன்ட்ஸ்ல ஒருத்தர் ஹெர்பர்ட் ஸ்ட்ராஸ். மூடின வருஷம் பெர்லின்லயே தலைமறைவா ஒளிஞ்சாரு, அடுத்த வருஷம் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து, அங்க இருந்து நியூயார்க், அங்க புரொஃபசர். 1982ல, அதாவது அவரோட வகுப்பை மூடி நாப்பது வருஷம் கழிச்சு, பெர்லின் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி ஆன்டிசெமிட்டிசம் ஆராய்ச்சிக்குன்னு ஒரு மையம் ஆரம்பிக்கறப்ப முதல் இயக்குநரா வந்து உக்காந்தது இவர்தான். நான் அப்ளை பண்ணினது, என்னை ஒரு தடவை வேண்டாம்னு சொன்னது, அந்த மையத்துக்குத்தான். இதைப் படிச்சதுக்கு அப்புறம் ரிஜெக்ட் ஆனதைப் பத்திப் புலம்பறதை நிறுத்திட்டேன். வெக்கமா போச்சு.

ரெண்டாவது தடவை சி1 முடிச்சு, நம்ம டிகிரியைச் சரிபாத்துக் குடுக்கற ஏபிஎஸ் சர்டிஃபிகேட் வாங்கி, எடம் கிடைச்சு வந்து இறங்கினது 2023 அக்டோபர். செமஸ்டர் தொடங்க ஒரு வாரத்துக்கு முன்னாடிதான் அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல், அதுக்கு அப்புறம் காஸா போர். எந்தத் துறைக்கு வந்திருக்கோம்னு எனக்கு ஓரியன்டேஷன் வேண்டியே இல்ல. செமினார்ல சிலர் அழுதாங்க, சிலர் பேசவே இல்ல, சிலர் கத்தினாங்க. வீட்டு வாட்ஸப் குரூப்ல ஒரு சித்தப்பா "இஸ்ரேலுக்கு சப்போர்ட்டா பேசு"ங்கறாரு, காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் "நீ அவங்க ஆளாயிட்டியா"ங்கறான். ஆன்டிசெமிட்டிசம் படிக்கிறதுன்னா இஸ்ரேல் அரசாங்கத்துக்கு வக்கீல் வேலைன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்கறாங்க, ஒருத்தர் அதுக்காகப் பாராட்டறாரு, ஒருத்தர் அதுக்காகத் திட்டறாரு, அவ்வளவுதான்.

உள்ள இருக்கறவங்களுக்கே இதுல ஒத்த கருத்து இல்ல. 2016ல ஐஹெச்ஆர்ஏன்னு ஒரு பன்னாட்டு அமைப்பு எது ஆன்டிசெமிட்டிசம்னு ஒரு வரையறை குடுத்துச்சு, கூட 11 உதாரணம், அதுல 7 இஸ்ரேலைத் தொடறது. நிறைய அரசாங்கங்கள் அதை எடுத்துக்கிட்டாங்க. அதுல அரசியல் விமர்சனமும் வெறுப்பும் குழம்பிப் போகுதுன்னு சொல்லி 2021ல இன்னொரு கூட்டம் அறிஞர்கள் ஜெருசலேம் பிரகடனம்னு மாத்து வரையறை போட்டாங்க. அப்ப எங்க மையத்தோட இயக்குநரா இருந்த ஸ்டெஃபானி ஷ்யூலர்-ஷ்ப்ரிங்கோரும் அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். வரணும்னு நினைக்கறவங்க ரெண்டையும் வரி வரியாப் படிச்சிட்டு வாங்க, இன்டர்வியூல கேப்பாங்கங்கறதுக்காக இல்ல, முதல் வாரமே கான்டீன்ல கேப்பாங்க. என் கருத்து என்னன்னா, வரையறையை வெச்சு ஆளை அடிக்கறவங்ககிட்டயும், வரையறையே வேண்டாம்ங்கறவங்ககிட்டயும் நான் கொஞ்சம் தள்ளியே நிக்கறேன்.

காசு விஷயம். ஜெர்மன் விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுண்ட்ல வருஷச் செலவை முன்கூட்டியே காட்டணும், நான் வந்தப்ப 11,208 யூரோ, 2024 செப்டம்பர்ல இருந்து 11,904. அப்பா பி.எஃப்.ல எடுத்தாரு, அக்காவோட நகை கொஞ்சம் பேங்க்ல போச்சு, இதை மறைச்சுப் பேச எனக்கு இஷ்டமில்ல. வந்ததுக்கு அப்புறம் ஹிவின்னு சொல்ற மாணவர் உதவியாளர் வேலை, லைப்ரரியிலயோ புராஜெக்ட்லயோ. இங்க அப்படி ஒரு புராஜெக்ட் 2020ல ஆரம்பிச்சுது, பத்திரிகைங்களோட பக்கத்துல வர்ற ஆன்லைன் கமெண்ட்ஸை இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சு மூணு மொழியில ஆயிரக்கணக்குல படிச்சு, நேரடியா திட்டாம ஜாடையா எப்படி வெறுப்பைச் சொல்றாங்கன்னு வகை பிரிக்கறது. கமெண்ட் படிக்கறதுதான் வேலைன்னா நம்மாளுங்க எல்லாரும் வந்துடுவாங்க, ஆனா நாள் முழுக்க அதையே படிச்சா ராத்திரி தூக்கம் வராதுன்னு அதுல இருந்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

ஜெர்மன் வேண்டாம்னா வேற வழி இருக்கு. இஸ்ரேல்ல ஹைஃபா பல்கலைக்கழகத்துல ஹோலோகாஸ்ட் (நாஜிங்க நடத்தின யூதப் படுகொலை) ஸ்டடீஸ் மாஸ்டர்ஸ் இங்கிலீஷ்லயே இருக்கு. வியன்னாவுல சிஇயூ (சென்ட்ரல் யூரோப்பியன் யுனிவர்சிட்டி), ஸ்டாக்ஹோம்ல பைடேயாங்கற யூதக் கல்வி நிறுவனத்தோட ஒரு வருஷப் படிப்பு, லண்டன்ல பிர்க்பெக், அமெரிக்காவுல இண்டியானா. பிஎச்டி நடுவுல இருக்கறவங்களுக்கு வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் மியூசியம், லியோ பேக் ஃபெலோஷிப், ஐரோப்பிய ஆர்க்கைவ்களுக்குப் போய்ப் படிக்க காசு குடுக்கற இஹெச்ஆர்ஐ ஃபெலோஷிப். நியூயார்க்ல யீவோன்னு ஒரு நிறுவனம், 1925ல வில்னாவுல (இன்னைக்கு லிதுவேனியாவோட வில்னியஸ்) யித்திஷ் மொழிக்காகவே ஆரம்பிச்சது, அவங்க கோடைக்கால யித்திஷ் வகுப்பு 1968ல இருந்து ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் கடைசித் தேதி, தொகை எல்லாம் வருஷா வருஷம் மாறும், அதை என்கிட்ட கேக்காதீங்க, அவங்கவங்க பக்கத்துல பாருங்க.

இப்ப அந்த வங்காளி சீனியரோட கேள்விக்கு வர்றேன். மத்தவங்களுக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்? எனக்கு பதில் கிடைச்ச இடம் பெர்லின் இல்ல, தஞ்சாவூர்ல எம்.ஏ. படிக்கறப்ப கல்வெட்டு பேப்பருக்காக கடனேன்னு கத்துக்கிட்ட வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்து. கி.பி. 849ல கொல்லத்துல குடுத்த தரிசாப்பள்ளி செப்பேடு வட்டெழுத்துல இருக்கு, மொழி நம்ம பழந்தமிழுக்கு ரொம்ப கிட்ட. அதோட சாட்சிக் கையெழுத்துங்க எப்படி இருக்குன்னா, கொஞ்சம் அரபியில, கொஞ்சம் பாரசீகத்தோட பழைய எழுத்துல, மிச்சம் ஹீப்ரு எழுத்துல எழுதின பாரசீகத்துல. யூத வியாபாரிங்க சாட்சிக் கையெழுத்துப் போட்ட செப்பேடு! அப்புறம் கி.பி. 1000 வாக்குல சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான்ங்கற யூதத் தலைவருக்கு 72 உரிமை குடுத்த கொச்சி செப்பேடு, அதுவும் வட்டெழுத்து. செமினார்ல இதை ஸ்க்ரீன்ல போட்டு முதல் வரியை நான் எழுத்துக்கூட்டிப் படிச்சப்ப ஹீப்ருவுல கரைகண்ட ஒருத்தர் எழுந்து வந்து பக்கத்துல நின்னு பாத்தாரு. வாழ்க்கையில முதல் தடவையா அந்த எம்.ஏ.வுக்கு மரியாதை கிடைச்சுது.

வெறுப்பு பக்கம் போகணும்னாலும் நம்மகிட்ட இருந்தே தொடங்கலாம். நம்ம ஊரு நடைபாதைக் கடையில ஹிட்லரோட புத்தகம் தன்னம்பிக்கை புத்தகங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கறதைப் பாக்காத ஆள் யாரு? யூதர்கள் யாருன்னே தெரியாம, ஒரு யூதரைக்கூடப் பாக்காம, "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வரணும்"னு சாயங்காலம் டீக்கடையில சொல்றவரு மனசுல இருக்கறதுக்குப் பேரு என்ன? ஆன்டிசெமிட்டிசமா, வேற எதாவதா? இதை ஜெர்மன்காரங்களால எழுத முடியாது. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்தான் உக்காந்து கேட்டு எழுதணும்.

வேலை கிடைக்குமான்னு கேட்டா, புரொஃபசர் வேலை உலகம் பூரா குறைவு, இதுலயும் குறைவுதான். ஆர்க்கைவ், நினைவிடங்கள், மியூசியம், பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பு எடுக்கறது, யூத வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு பண்ற ரியாஸ் மாதிரி அமைப்புங்க, இப்படி இருக்கு. பெரும்பாலும் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். நான் இப்ப ஒரு ஆர்க்கைவ்ல வாரத்துக்கு இருபது மணி நேரம். வீட்ல என்ன சொல்றதுன்னா, ஹிஸ்டரின்னு சொல்லு, போதும். என் அம்மா இன்னமும் பக்கத்து வீட்ல "பொண்ணு பெர்லின்ல டெக்னிக்கல் யுனிவர்சிட்டி"ன்னுதான் சொல்லிட்டு இருக்காங்க.

இதுல பாதியை அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே அனுப்பிட்டேன். மூணு நாள் பதிலே இல்ல, பயந்துட்டா போலன்னு நினைச்சேன். நேத்து ராத்திரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு, குர்ரென்ட் எழுத்துல ஒரு போஸ்ட் கார்டு, நடுவுல ஒரு வார்த்தையைச் சிவப்புல வட்டம் போட்டு, "அக்கா, இது 'ஈ'யா 'என்'னா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு." பெருசு பண்ணிப் பாத்தேன், லைட்டைப் போட்டுட்டுப் பாத்தேன். எனக்கும் தெரியல. காலையில ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு அனுப்பியிருக்கேன்.